வேலைக்கு ஒரு ஆள், கூடவே இன்னொரு ஆளா? நான் முடியாது என்றது தப்பா?

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். பதினாலு பேர் வேலை பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு சிறப்புப் பள்ளி டீச்சர் வந்தார். இருபத்து மூன்று வயதுப் பையன், அறிவுசார் குறைபாடு, வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தொழில் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, இங்கேயே பழகிக்கொள்வான், முதல் சில வாரம் எங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்பார் என்றார். எனக்குப் பிடிபடவில்லை. தொழில் பழகியவனுக்குத்தானே வேலை? முடியாது என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முன்கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு பையனை எடுத்தேன். கொண்டுவந்து விட்டவர்கள் பேனர் கட்டினார்கள், எனக்குச் சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் பையன் பஸ் மாறி ஏறிவிட்டான். ராத்திரி பத்து மணிக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். போட்டோ எடுத்தவர்கள் போனை எடுக்கவில்லை.

சிறப்பாசிரியை:
உங்களிடம் வந்த டீச்சர் நான் இல்லை சார், ஆனால் நானும் இந்த வேலைதான் செய்கிறேன். பழைய முறை என்னவென்றால், பையனை ஒரு பயிற்சி மையத்தில் வைத்துத் தயார் செய்வது, தயாரானதும் வேலைக்கு அனுப்புவது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் ஓடுவதில்லை. ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதுதானே அவர்களுக்குச் சிரமம்? எங்கள் மையத்து மேஜையில் அட்டை மடிக்கக் கற்றவன் உங்கள் பட்டறை மேஜையில் முதலிலிருந்துதான் தொடங்குவான். அதனால் முறையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் வேலை, பயிற்சி அந்த இடத்திலேயே. அமெரிக்காவில் 1980-களில் இது வளர்ந்து, 1986-ல் சட்டத்திலும் ஏறியது. கூட நிற்பவரை ஜாப் கோச் என்போம்.

உங்களுக்கு நடந்தது இதன் தோல்வி இல்லை. அங்கே கோச்சே இல்லையே. பஸ்ஸும் பாடத்தில் ஒன்று சார். முதல் வாரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவோம். அடுத்த வாரம் பின் சீட்டில், தெரியாதவர் மாதிரி. அப்புறம் ஸ்டாப்பில் மட்டும் நிற்போம்.

பழைய_மில்காரன்:
மதுரையில் மில் சங்கு ஊதிய காலத்து ஆள் நான். டீச்சரம்மா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு கேள்வி.

ஒன்று, அந்தக் கோச்சுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? ஏதோ ஒரு டிரஸ்ட், ஏதோ ஒரு திட்டம். திட்டம் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். பையன் முப்பது வருஷம் வேலை பார்க்க வேண்டும்.

இரண்டு, பையனுக்கு என்ன கூலி? 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே 26-வது பிரிவில், ஊனமுற்ற தொழிலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசாங்கம் உத்தரவு போடலாம் என ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். நீங்கள் சொல்லும் அமெரிக்காவிலும் 1938-ம் வருஷத்துச் சட்டம் இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தர வழி விட்டது. கருணை என்று ஆரம்பிக்கிற இடத்தில் கூலி காணாமல் போகும். நாற்பது வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
அண்ணே, இன்னும் ஆளையே எடுக்கவில்லை, அதற்குள் சங்கமா?

வில்லாபுரம்_அம்மா:
என் மகனுக்கு இருபத்து நாலு வயது. பதினெட்டு வரை பள்ளி. அப்புறம் ஒரு மையத்தில் நாலு வருஷம் மெழுகுவர்த்தி ஊற்றினான், காகிதக் கவர் ஒட்டினான். ஒவ்வொரு வருஷமும் "இன்னும் ரெடியாகவில்லைம்மா" என்பார்கள். எதற்கு ரெடியாகவில்லை என்று கேட்டால் பதில் வராது. மெழுகுவர்த்திக்கு வில்லாபுரத்தில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? இப்போது வீட்டில் இருக்கிறான். காலையில் பால் வாங்கி வருவான், துணி மடிப்பான், பதினோரு மணிக்கு மேல் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவான். தெருவில் போகிற பிள்ளைகளைப் பார்த்து, "வேலைக்கா?" என்று கேட்பான்.

மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது என் கணக்கில் வந்து என் கையில் கரைகிறது. அவன் கையில் ஒரு நூறு ரூபாய் அவன் சம்பாதித்ததாக இருந்ததே இல்லை.

ஊன்றுகோல்:
இங்கே பேச்சு போகிற திசை எனக்கு ஒப்பவில்லை. எனக்குச் சின்ன வயதில் போலியோ. பி.காம் படித்துவிட்டு டவுன்ஹால் ரோட்டில் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கோச் வேண்டாம், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். ஆபீஸ் இரண்டாம் மாடியில் இருந்தது, லிப்ட் கிடையாது, கயிற்றைப் பிடித்து ஏறுகிற படி. ஆறு மாதம் ஏறினேன். கணக்கு மேஜையைக் கீழே கொண்டுவாருங்கள் என்று கேட்டதற்கு, "உனக்காக ஆபீஸையே மாற்றணுமா?" என்றார் முதலாளி. நான் நின்றுவிட்டேன். இப்போதைய இடத்தில் கேட்காமலே தரைத்தளத்தில் மேஜை போட்டார்கள். ஒரு பைசா செலவில்லை.

மாற்றுத்திறனாளி வேலை என்றாலே "பாவம், கூட ஒருவர் இருக்கணும்" என்று எழுதினால், நாளைக்கு என் மாதிரி ஆள் போய் நின்றாலும் துணைக்கு யார் என்றுதான் கேட்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

சிறப்பாசிரியை:
உங்கள் கோபம் நியாயம் தம்பி. ஆனால் கூடையிலிருந்து எப்போதும் முதலில் விழுந்தது எங்கள் பிள்ளைகள்தான். அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் அரசு வேலைக்கு 3 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தார்கள்: பார்வை, செவி, கை கால், தலைக்கு ஒன்று. அறிவுசார் குறைபாடுக்கு அதில் இடமே இல்லை. 2016-ல் அது 4 ஆனபோதுதான், ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு எல்லாவற்றோடும் சேர்த்து அந்தக் கடைசி 1 சதவீதத்தில் பங்கு வந்தது. தனியாருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. 2016 சட்டத்தின் 35-வது பிரிவு, 5 சதவீதம் பேரை எடுக்க அரசு தன் சக்திக்கு உட்பட்டு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. உங்களுக்கு மேஜை கீழே வர வேண்டும், இவனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் ஒருவர் வேண்டும். சட்டம் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறது: நியாயமான வசதி செய்து தருதல்.

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
சரி, சட்டத்தை விடுங்கள். வேலைக்கு வருவோம். ஸ்டேப்பிள் பின் அடிக்கும் மெஷின் பக்கம் யாரையும் புதிதாக விட மாட்டேன், அதில் பேச்சே இல்லை. மிச்சம் இருப்பது மடித்த பெட்டியை 25, 25 ஆகக் கட்டுவது. ஒரு கட்டில் 24 போனால் வாங்குகிறவர் லோடையே நிறுத்திவிடுவார். எண்ணத் தெரியாத பையன் இதை எப்படிச் செய்வான்?

சிறப்பாசிரியை:
ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு அப்பளக் கடையில் எங்கள் பெண் ஒருத்தி இருக்கிறாள், டவுன் சிண்ட்ரோம். பாக்கெட்டுக்கு இத்தனை என்று எண்ணிப் போட வேண்டும். பத்து தாண்டினால் அவளுக்குக் குழம்பும். எங்கள் கோச் ஒரு பி.வி.சி. பைப்பை அளவாக வெட்டி, நெடுக்கில் பாதியாகப் பிளந்து மேஜையில் வைத்தார். பைப் நிறைந்தால் ஒரு பாக்கெட். தராசில் ஒரு தரம் பார்த்துவிட்டு ஒட்டிவிடுவார்கள். உங்கள் கட்டுக்குச் சுவரில் ஒரு கோடு போதும் சார். கோடு வரை அடுக்கினால் 25.

பைப் வந்த பிறகு அவளுக்கு எண்ணுவது பிரச்சினையே இல்லை, மணிதான் பிரச்சினை. தினமும் சாயங்காலம் மூன்றரைக்கே வேலையை விட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்வாள். முதலாளியம்மா சோம்பேறித்தனம் என்று நினைத்தார். கோச் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, பக்கத்துப் பள்ளியில் அப்போது மணி அடிக்கிறது. பன்னிரண்டு வருஷம் மணிக்குப் பழகிய உடம்பு. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு நேரே ஒரு பொட்டு ஒட்டினோம். மூன்று வாரம் பிடித்தது.

மில்கார ஐயாவின் முதல் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. கோச் விலகுவதற்குள் உள்ளேயே ஒரு அண்ணனோ அக்காவோ அவளுக்குக் கிடைத்தாக வேண்டும். அப்படி யாரும் கிடைக்காத இடங்களிலிருந்து என் பிள்ளைகள் மூன்று பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஆனையூர்_தம்பி:
என் அண்ணனுக்கு மனநோய், பதினைந்து வருஷமாக மருந்து. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்த செய்தி வந்தபோது அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவனை எங்கும் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். இப்போது அவன் ஒரு குடோனில் சரக்கு எழுதுகிறான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. ராத்திரி மாத்திரையால் காலையில் தலை தூக்க முடியாது, பத்தரைக்கு வருகிறேன் என்றான். சரி என்றார்கள். மனநோய் உள்ளவர்களை நேரடியாக வேலையில் அமர்த்திக் கூட நின்று உதவினால், பயிற்சி முடித்து அனுப்புவதைவிட அதிகம் பேருக்கு வேலை கிடைக்கிறது என்று பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆய்வு தெரியாது, பத்தரை மணிதான் தெரியும்.

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
பத்தரையா? என்னிடம் இருக்கிற பதினாலு பேரும் அந்த நேரத்துக்குத்தான் தம்பி வருகிறார்கள், மாத்திரை இல்லாமலே.

பழைய_மில்காரன்:
என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கூலி?

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
கட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் பேசிக்கலாம்.

ஊன்றுகோல்:
அந்தப் "பேசிக்கலாம்"தான் பிரச்சினை. புதிதாக வருகிற மற்ற பையனுக்கு என்ன தருகிறீர்கள்?

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
அவனுக்கு நாள் கூலி. ஆனால் அவன் ஒரு நாளைக்கு எண்பது கட்டுப் போடுவான், இவன் முப்பது போட்டால் வித்தியாசத்தை யார் தாங்குவது? நான் கம்பெனி நடத்துகிறேன், அன்னதானம் நடத்தவில்லை. ஈ.எஸ்.ஐ., பி.எஃப். வேறு.

பழைய_மில்காரன்:
2008-ல் மத்திய அரசு, மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப்.பில் முதலாளி பங்கை முதல் மூன்று வருஷம் தானே கட்டுவதாகத் திட்டம் கொண்டுவந்தது. உங்கள் ஆடிட்டர் சொல்லவில்லையா? அதோடு, முதல் மாதம் முப்பது கட்டுப் போடுகிறவன் ஆறாம் மாதமும் முப்பதுதான் போடுவான் என்று யார் சொன்னது? என் முதல் மாதத்தில் நான் அறுத்த நூல் கொஞ்சமா? அப்போதும் நாள் கூலிதான் தந்தார்கள்.

வில்லாபுரம்_அம்மா:
கூலி கம்மி என்றால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் சம்பளக் கவர் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சனிக்கிழமை, அதே மாதிரி, அவன் கையில் கொடுக்க வேண்டும். என் கையில் இல்லை.

ஊன்றுகோல்:
அம்மா, நீங்கள் சண்டை போடத்தான் வேண்டும்.

கப்பலூர்_அட்டைப்பெட்டி:
நேற்று அந்த டீச்சருக்குப் போன் செய்தேன். மூன்று மாதம் நாள் கூலி, பஸ்ஸுக்கும் சேர்த்துக் கோச் வர வேண்டும், அதன் பிறகு கட்டுக் கணக்கைப் பார்ப்போம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். சாயங்காலம் திரும்ப அழைத்தார். பையனின் அப்பா வேண்டாம் என்கிறாராம். வேலை என்று பதிவாகிவிட்டால் மாதம் வரும் 2000 நின்றுவிடுமோ என்று பயம். அப்புறம், ஒரு தரம் முடியாது என்று திருப்பி அனுப்பிய இடத்துக்கு என் பிள்ளை எதற்கு என்றும் கேட்டாராம்.

அந்த இரண்டாவதுக்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய_மில்காரன்:
முதலாவதுக்காவது ஏற்பாடு செய்யலாம். டீச்சரம்மா, மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்க முடியுமா? வாய்வார்த்தை வேண்டாம்.

சிறப்பாசிரியை:
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அன்றே மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன்.

வில்லாபுரம்_அம்மா:
கப்பலூர் சார், அந்தப் பையன் வரவில்லை என்றால்... வில்லாபுரத்திலிருந்து உங்கள் பட்டறைக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்?