குழல்மீன் ஆணின் பைக்கு ‘சினைமடி’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

ஆண் குழல்மீன் முட்டைகளைச் சுமக்கும் பைக்கு (brood pouch) என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற நம் உரையாடலுக்கு என் பதில் இது. மீனின் பெயரில் நமக்குள் பெரிய சிக்கல் இல்லை, pipefish-க்குக் குழல்மீன் போதும். பவளப் பாறையில் வாழும் வகையைப் ‘பார்க் குழல்மீன்’ என்போம். கடலடிப் பாறைத் திட்டுக்கு இராமநாதபுரம் கரையில் ‘பார்’ என்ற சொல் இருக்கும்போது வேறெதற்குப் போக வேண்டும்?

இழுபறி எல்லாம் அந்தப் பையில்தான். குழல்மீனிலும் கடல்குதிரையிலும் சினை சுமப்பது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு விலகிவிடும்; குஞ்சு வெளியே வரும்வரை சுமப்பது தகப்பன் பாடு. உரையாடலில் ஐயா ஒருவர் சொன்ன ‘கருப்பை’ படிப்பவரை நேராகப் பெண்ணிடம் கொண்டுபோய்விடும். ‘சினைப்பை’ பெண் மீனின் உறுப்புக்கு ஏற்கெனவே புழங்குகிறது. அக்கா ஒருவர் சொன்ன ‘அடைப்பை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அடைகாத்தல் அதில் கேட்கிறது. ஆனால் பழைய தமிழில் அது வெற்றிலைப் பை. அரசர்களிடம் அடைப்பைக்காரர் என்றே ஆட்கள் இருந்தார்கள்.

என் பரிந்துரை ‘சினைமடி’.

கோரிதோயிக்திஸ் பேரினத்துப் பார்க் குழல்மீன்களைப் பாருங்கள். உடம்பைச் செதிலுக்குப் பதில் எலும்பு வளையங்கள் சுற்றியிருக்கும். தாடைகள் ஒட்டிக் குழலாகிவிட்டதால் கடிக்க முடியாது. நுண்ணிய இறால்வகை உயிர்களை அந்தக் குழல்வழியே சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பவளத் துண்டுகள் கிடக்கும் மணல்மேல் ஊர்வதுபோல் நகரும். ஆணின் வாலடியில் இரு பக்கத் தோலும் மடிந்துதான் முட்டைகளைக் காக்கிறது. வேட்டி மடியில் காசைச் செருகிக்கொள்வதுபோல என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். போதாததற்கு, வலையில் மீன் வந்து சேரும் பையையும் நம் கடலோரத்தில் மடி என்பார்கள். ‘சினை’யும் மீன் சந்தைச் சொல்தான். இரண்டுக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

பசுவின் மடி நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். வரட்டும். சில குழல்மீன் இனங்களில் தகப்பன் உடலிலிருந்து கருவுக்குச் சத்துப் போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்புறம், இந்தச் சொல்லை வைத்து வகை பிரிக்கவும் முடிகிறது. கடல்குதிரையின் பை ஒரு சிறு வாய் தவிர முழுவதும் மூடியது, அதை ‘மூடுமடி’ எனலாம். பாக் விரிகுடாவின் கடல்புல் வெளிகளில் வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் பச்சைக் குழல்மீன் இருக்கிறதே, சிங்னதாய்டிஸ் பேரினத்தது, அதற்கு மடிப்பே கிடையாது. முட்டைகள் ஆணின் வயிற்றடியில் வெளிப்படையாக ஒட்டியிருக்கும். அங்கே ‘ஒட்டுச்சினை’ என்று எழுதலாம். மடி என்றால் பிழை.

எனக்கு இதில் அவசரம் உண்டு. குழல்மீனும் கடல்குதிரையும் அடங்கிய இந்தக் குடும்பம் முழுவதும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடல்குதிரை என்றால் பலருக்கும் தெரியும். வலையில் ஏறும் மெலிந்த குழல்மீனும் அதன் உறவுதான், அதுவும் ஆண்தான் சினையோடு இருக்கும் என்பதைக் கரையில் எழுதிவைக்க நல்ல தமிழ் வேண்டும்.

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இருப்பவர்கள் படகுக்காரர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பைக்கு அவர்களிடமே ஒரு பெயர் இருந்தால் சினைமடியை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.