'குவிஸ்' டப்ளின் சுவரில் பிறந்த சொல்லா?

சொல்வேட்டையன்: அரிய ஆங்கிலச் சொற்கள் என்று ஒருவர் போட்ட பட்டியலில் மறுபடியும் அதே கதை. 1791இல் டப்ளின் நாடக அரங்க முதலாளி ரிச்சர்ட் டேலி, ஒரே நாளில் ஊரையே ஒரு புதுச்சொல்லைப் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டி, சுவரெல்லாம் 'குவிஸ்' என்று எழுதவைத்தாராம். எத்தனை முறை சொல்வது? எழுத்தாளர் ஃபேனி பர்னியின் நாட்குறிப்பில் 1782இலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு!

மணிமாறன்: பட்டியல் போட்டது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். அந்த நாட்குறிப்பு அச்சேறத் தொடங்கியது 1842இல். அதுவரை யார் பார்த்தார்கள்?

சொல்வேட்டையன்: அச்சான வருடம் வேறு, எழுதிய வருடம் வேறு. எழுதியது 1782. உங்கள் டேலி கதைதான் பல பத்தாண்டுகள் கழித்து ஏட்டில் ஏறியது. அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவீர்கள்.

கயல்: ஒரு சந்தேகம். பர்னி எழுதியது 'விசித்திரமான ஆள்' என்ற பொருளில். கேள்வி கேட்டுச் சோதிப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. நீங்கள் இருவரும் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

மணிமாறன்: அது இருக்கட்டும் கயல். 1842 பற்றிய என் கேள்விக்குப் பதில் வரட்டும்.

சொல்வேட்டையன்: பதில் சொல்லியாயிற்று. 1782. இன்னொன்றும் கேளுங்கள். 1790 வாக்கில் டப்ளினிலேயே யோயோ போன்ற ஒரு விளையாட்டுச் சாமானைக் குவிஸ் என்றார்கள். கவிஞர் தாமஸ் மூர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஊரில் ஏற்கெனவே புழங்கிய சொல்லை டேலி எப்படிப் புதிதாக உண்டாக்குவார்?

முத்து: எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை உங்களுடையதாகவே இருக்க வேண்டும்! ஆடம்பரமான என்று பொருள்படும் 'போஷ்' (posh) என்ற ஆங்கிலச் சொல் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

சொல்வேட்டையன்: போஷ் என்பது கப்பல் பயணச்சீட்டில் குத்திய P.O.S.H. என்ற நான்கெழுத்துச் சுருக்கம் என்றீர்கள். அப்படி முத்திரை குத்திய சீட்டு ஒன்றைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை காட்டவில்லை.

முத்து: கேட்ட தொனியைத்தான் சொல்கிறேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

மணிமாறன்: அதேதான் முத்து. என்னையும் படிக்காதவன் போலத்தான் நடத்துகிறார். கதையைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போவதில்லை.

சொல்வேட்டையன்: தொனியைப் பற்றிப் பேசினால் வருடம் மாறிவிடுமா? 1782.

மணிமாறன்: அச்சில் 1842.

கயல்: பொருளைப் பற்றிக் கேட்டேனே?

முத்து: அந்தப் பயணச்சீட்டு விஷயத்தை நானும் விடப்போவதில்லை. தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.