கலைச்சொல் இழை: ஸ்லீப்பிங் பேட் – மெத்தையா, அணையா, பாயா?

செ., கோவை:

அனைவருக்கும் வணக்கம்.

உத்தராகண்டின் கேதார்கந்தா சிகரத்துக்கான பனிக்கால நடைக் கையேடு பொருள் பட்டியலில் வந்து நிற்கிறது. சாங்க்ரியில் கிளம்பி 3,810 மீட்டர் வரை ஏறுகிறவர் வழியில் பனிமேல் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும். ‘ஸ்லீப்பிங் பேக்’ உறங்குபை என்று ஏற்கெனவே முடிவாயிற்று. அதற்கு அடியில் விரிப்பதற்கு என்ன பெயர்? கைவசம் இருப்பவை: உறங்குபாய், துயில்மெத்தை, தரையணை. என் வாக்கு மூன்றாவதற்கு. தலையணை, பஞ்சணை என்று புழக்கத்தில் உள்ள ‘அணை’தானே. காற்றணை, நுரையணை என வகைகளுக்கும் நீட்டிக்கொள்ளலாம்.

கூடவே ஆர்-வேல்யூ (வெப்பம் கடந்து போவதை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்), க்ளோஸ்டு செல் ஃபோம், செல்ஃப் இன்ஃப்ளேட்டிங், வால்வு ஆகியவற்றுக்கும் சொல் தேவை. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செ.

ம., சென்னை:

> என் வாக்கு மூன்றாவதற்கு.

செ. ஐயா, ‘அணை’ அழகுதான். ஆனால் நாளிதழ் படிக்கிறவருக்கு அணை என்றால் மேட்டூரும் வைகையும். ‘காற்றணை’யைக் காற்றை மறிக்கும் தடுப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘உறங்குபாய்’ அதைவிட ஆபத்து. உறங்குபை 4, உறங்குபாய் 4 என்று வாடகைக் கடைக்காரரிடம் தொலைபேசியில் வாசித்துப் பாருங்கள். எட்டும் பையாகவே வந்து சேரும்.

‘மெத்தை’யை எதிர்ப்பதற்குக் காரணம் வேறு. மெத்தை என்று எழுதிவிட்டால் வாங்குகிறவர் தடிமனை அமுக்கிப் பார்த்து வாங்குவார். பனியில் அதுதான் கெடுக்கும். 10 செ.மீ. உயரம் உப்பும், உள்ளே காப்பு எதுவும் இல்லாத சாதாரணக் காற்று மெத்தையின் ஆர் எண் பெரும்பாலும் 1-ஐ எட்டாது. புரளும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று கலங்குகிறது. மேல்துணியிலிருந்து கீழ்த்துணிக்கு வெப்பம் கதிர்வீச்சாகவும் இறங்குகிறது. தெர்மரெஸ்ட் என்ற பிராண்டின் இசட் லைட் சோல் வெறும் 2 செ.மீ. நுரைதான், அதன் எண் 2.0. நல்ல காற்றுப்பாய்களில் உள்ளே குறுக்குச் சுவர்களும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் உலோகப்பூச்சுப் படலமும் வைத்திருப்பார்கள். விலை அதற்குத்தான், உயரத்துக்கு அல்ல.

உறங்குபை அடிப்பக்கமும் காக்கும் என்று நினைக்க வேண்டாம். உடம்பின் எடையில் அடியிலுள்ள இறகோ செயற்கை இழையோ நசுங்கிவிடும். நசுங்கினால் அதில் காற்று நிற்காது, காப்பும் இருக்காது. ஆகவே முதுகுக்குக் கீழே இருக்கும் காப்பு ஏறக்குறைய முழுவதும் இந்த விரிப்பினுடையது.

தோராயமாக ஒரு கணக்கு. படுத்தவரின் உடம்பு 0.4 சதுர மீட்டர் அளவுக்குத் தரையில் அழுந்துகிறது, தோலுக்கும் தரைக்கும் 30 பாகை (செல்சியஸ்) வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆர் எண்ணை 5.678-ஆல் வகுத்தால் எஸ்ஐ அலகு கிடைக்கும். எண் 1 என்றால் தரைக்குப் போகும் வெப்பம் 68 வாட். எண் 2 என்றால் 34. 4.5 என்றால் 15. 6.5 என்றால் 10 அல்லது 11. தூங்கும் பெரியவர் ஒருவரின் உடம்பு உண்டாக்குவதே 70, 80 வாட்தான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் உயிர் போகிற வித்தியாசம், 4.5-க்கும் 6.5-க்கும் இடையில் அவ்வளவு இல்லை. இந்த வரி கையேட்டிலேயே வர வேண்டும் என்பது என் கருத்து.

வேலையைப் பெயரிலேயே சொல்லிவிடலாம்: காப்புப்பாய். பாய் என்றால் விரிப்பது, சுருட்டுவது, தோளில் மாட்டுவது எல்லாம் தானாக வந்துவிடும். வகைகள்: நுரைப்பாய், காற்றுப்பாய், தானுப்பிப்பாய் (செல்ஃப் இன்ஃப்ளேட்டிங்).

(‘அடிப்பாய்’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். படிக்கிறவர் யாரை என்று கேட்பார்.)

ம.

இ., பெங்களூரு:

காப்புப்பாய்க்கு என் ஆதரவு. ஆர்-வேல்யூவுக்கு ‘குளிர்தடை எண்’ என்று வைக்கலாமே? மலையேறுகிறவருக்கு வேண்டியது குளிரைத் தடுப்பது. ‘வெப்பத்தடை’ என்றால், எனக்குச் சூடு வேண்டும்போது சூட்டைத் தடுப்பதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், கடையில் கேட்கிறார்கள்.

எந்தச் சொல்லானாலும் ஒரு குறிப்பு வேண்டும். 2020-க்கு முந்தைய பெட்டிகளில் இருக்கும் எண்ணையும் இப்போதைய எண்ணையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து போட்டது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை 2018-இல் வந்தது; 2020 வாக்கில் பெரிய நிறுவனங்கள் அதற்கு மாறின. 35 பாகையில் ஒரு தட்டு, 5 பாகையில் ஒரு தட்டு, நடுவே காற்று நிரப்பிய பாய். மேல் தட்டை அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளப்பார்கள். அந்தச் சோதனையின் பெயரே போடாமல் ‘மைனஸ் 10 வரை தாங்கும்’ என்று மட்டும் அச்சடித்து விற்பதை நம்ப வேண்டாம்.

இ.

ம., சென்னை:

> ‘குளிர்தடை எண்’ என்று வைக்கலாமே?

இ., உங்கள் கடைக்காரர் வாதம் புரிகிறது. ஆனால் ‘வெப்பத்தடை’ நம் இயற்பியல் சொல், ‘மின்தடை’க்கு உடன்பிறப்பு. மின்தடைகளைத் தொடரிணைப்பில் வைத்தால் கூட்டிக்கொள்ளலாம் என்று பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள். இங்கும் அதேதான். 2.0 நுரைப்பாய்மேல் 4.5 காற்றுப்பாய் போட்டால் 6.5. ‘வெப்பத்தடை’ என்று எழுதினால் இந்தக் கூட்டலை விளக்கவே வேண்டாம். ‘குளிர்தடை’யில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இரட்டைப்பாய் எடையும் பெரிதில்லை. தெர்மரெஸ்ட்டின் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி என்ற காற்றுப்பாய் 370 கிராம், வெப்பத்தடை எண் 4.5. இசட் லைட் சோல் 410 கிராம். சேர்த்து 780. கேதார்கந்தா டிசம்பர், ஜனவரியில் 5-க்குக் கீழே போகாமல் இருந்தால் நிம்மதி. நுரைப்பாய் கீழே, காற்றுப்பாய் மேலே. மாற்றிப் போட்டாலும் கூட்டல் ஒன்றுதான்; ஆனால் நுரை கீழே இருந்தால் கூர்மையான எதுவும் காற்றுப்பாயைத் தொடாது, நடுராத்திரியில் காற்று இறங்கினாலும் 2.0 மிஞ்சும். ஒற்றைக் காற்றுப்பாயை நம்பிப் பனிக்குப் போகிறவருக்கு அந்த மிச்சம் கிடையாது.

ம.

த., மதுரை:

நுரை வகைகளுக்கு வருகிறேன். க்ளோஸ்டு செல்லுக்கு முதலில் தோன்றியது ‘மூடுகண் நுரை’. வலைக்கண் என்கிறோமே, அந்தக் கண். தூங்குகிற பாய்க்கு மூடுகண் பொருத்தம்தான்! ஆனால் ஓப்பன் செல்லுக்குத் ‘திறகண்’ என்று எழுத வேண்டிவரும். பட்டியலில் அது பேய்க்கதை மாதிரி இருக்கும். எனவே மூடறை நுரை, திறவறை நுரை.

இந்தப் பிரிவு பெயருக்காக மட்டும் அல்ல. மூடறை நுரையில் ஒவ்வொரு குமிழும் தனித்தனி. தண்ணீர் குடிக்காது, முள் குத்தினாலும் வெறும் ஓட்டைதான். திறவறை நுரையில் குமிழ்கள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். அதனால்தான் தானுப்பிப்பாயின் வால்வைத் திறந்ததும் நுரை விரிந்து தானே காற்றை இழுக்கிறது. 1972-இல் சியாட்டலில் தொடங்கிய கேஸ்கேட் டிசைன்ஸ்தான் அந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே காரணத்தால் அதைச் சுருட்டியபடியே பல மாதம் அலமாரியில் வைத்தால் நுரை நசுங்கிய வடிவத்திலேயே பழகிவிடும், பிறகு உப்பாது. விரித்து, வால்வைத் திறந்து, கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும்.

நம்மூர் மலையடிவாரங்களுக்குக் காற்றுப்பாயையே பரிந்துரைக்காதீர்கள். சீமைக்கருவேல முள் கூடாரத் தரைத்துணியையும் தாண்டி வரும். அங்கே இரவுக் குளிரும் அவ்வளவு இல்லை; ஒரு நுரைப்பாய் போதும்.

ஓட்டை அடைப்பதைப் பற்றிக் கையேட்டில் அரைப்பக்கமாவது வேண்டும். பாயை இறுக்கமாக ஊதி, ஒரு பக்கமிருந்து சுருட்டிக்கொண்டே போனால் காற்று மறுபக்கம் திரளும். உதட்டையோ ஈரக் கன்னத்தையோ அருகில் கொண்டுபோங்கள்; காதுக்குக் கேட்காத கசிவு தோலுக்குத் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர். குமிழி வந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட வேண்டும்; காற்றை இறக்கியபின் அந்த இடம் கண்ணுக்கே அகப்படாது. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் ஆல்கஹால் துண்டால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, ஓட்டையைச் சுற்றி 2 செ.மீ. தள்ளி நிற்கும் அளவுக்கு ஒட்டுத்துண்டு வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்முனைதான் முதலில் பிய்யும். காற்று இல்லாமல் தட்டையாக வைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, குறைந்தது அரைமணி நேரம் விட வேண்டும். பெரும்பாலும் ஒட்டு விடுவதற்குக் காரணம் பசை அல்ல, துடைக்காத வியர்வைப் பிசுக்கு.

உள்சுவர் விட்டுப்போய்ப் பாய் நடுவில் பந்துபோல் புடைத்தால் மலையில் எதுவும் செய்ய முடியாது.

வால்வுக்கு ‘ஓரதர்’ இருக்கிறது, ஒருவழிப் பாதை என்ற பொருளில். அகராதியில் இருக்கட்டும். சைக்கிள் ட்யூப் மாற்றிய எவருக்கும் வால்வு தெரியும். கையேட்டில் வால்வே போதும்.

த.

செ., கோவை:

‘அணை’யைத் திரும்பப் பெறுகிறேன். காப்புப்பாய், நுரைப்பாய், காற்றுப்பாய், தானுப்பிப்பாய், வெப்பத்தடை எண், மூடறை நுரை, திறவறை நுரை. ஓட்டையை அடைக்கும் துணுக்குக்கு த. ஐயா எழுதிய ‘ஒட்டுத்துண்டு’ அப்படியே இருக்கட்டும்.

காற்று நிரப்பும் பகுதியின் வரைவு கீழே. திருத்துங்கள்:

“வாயால் ஊத வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உறைகுளிரில் பனிக்கட்டியாகவும் மாறும். பாயோடு வரும் ஊதுபையைப் பயன்படுத்துங்கள். முதலில் கெட்டியாக நிரப்பி, அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றை விடுங்கள். இடுப்பு எலும்புக்குக் கீழே கையை நுழைத்தால் பாயின் அடித்துணிக்கும் இடுப்புக்கும் நடுவே 2, 3 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அதைவிடக் கெட்டியாக இருந்தால் தோள் வலிக்கும், புரளும்போது உருண்டு கீழே விழுவீர்கள். படுத்த கால் மணி நேரத்தில் பாய் தளர்ந்தால் ஓட்டை என்று பதற வேண்டாம். 30 பாகைக் காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் கொள்ளளவில் சுமார் 8 விழுக்காடு குறையும். மீண்டும் நாலைந்து ஊது ஊதிக்கொள்ளுங்கள்.”

செ.

இ., பெங்களூரு:

‘வெப்பத்தடை எண்’ பெரும்பான்மை என்றால் சரி. கடைக்காரருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வரைவில் இரண்டு சேர்க்க வேண்டும். ஒன்று, வாங்கிய பாயை வீட்டிலேயே ஒரு முழு இரவு ஊதி வைத்துச் சோதிப்பது. அறைச் சூடு மாறாத இடத்தில், மேலே புத்தகக் கட்டு மாதிரி ஏதாவது கனம் வைத்து. அப்போதும் தளர்ந்தால் அது குளிர்ச்சியால் அல்ல, கசிவுதான். முதலில் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலே போதும், காலைக்குள் பாய் தட்டையாகிவிடும்.

இரண்டு, காலையில் பாயை ஊதியபடியே கூடாரத்துக்கு வெளியே வெயிலில் காயப்போடக் கூடாது என்பது. பனிமலை வெயில்தானே என்று விடக் கூடாது. 10 பாகையில் இருந்த பாய் 50 பாகைக்குச் சூடேறினால், கொள்ளளவு மாறாத வரையில், உள்ளே மொத்த அழுத்தம் 14 விழுக்காடு கூடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வெளிக்காற்றைவிடப் பாய்க்குள் அதிகமாக இருப்பதே சில கிலோபாஸ்கல்தான். அந்த மிகையழுத்தம் பல மடங்காகிவிடும். துணி கொஞ்சம் விரிந்து கொடுத்தாலும் த. ஐயா சொன்ன உள்சுவர் விடுவது பெரும்பாலும் இப்படித்தான். காயப்போடுவதென்றால் வால்வைத் திறந்து வைத்துக் காயப்போடட்டும்.

இ.

ம., சென்னை:

அளவுகளுக்கு ஒரு வரி: வழக்கமான பாய் 183 × 51 செ.மீ. மல்லாந்து படுப்பவரின் முழங்கை 51-இல் நிற்காது, பனித்தரையில் சரியும். ஒருக்களித்துப் படுப்பவருக்கும் அகன்ற உடம்புக்காரருக்கும் 63, 64 செ.மீ. அகலம் எழுதுங்கள், நூறு கிராம் போல எடை கூடும், பரவாயில்லை. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பவர் தோளிலிருந்து இடுப்பு வரை நீளமுள்ள நுரைப்பாயை வெட்டிக்கொண்டு, காலுக்கடியில் காலி முதுகுப்பையைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கேதார்கந்தாவுக்கு அது வேண்டாம்.

காற்றுப்பாய் நுரைப்பாய்மேல் வழுக்கும். சரிவான தரையில் விடியும்போது இரண்டும் கூடாரத்தின் கீழ்மூலையில் இருக்கும். இரண்டையும் பட்டையால் சேர்த்துக் கட்ட வேண்டும். பொருள் பட்டியலில் காப்புப்பாய் வரிக்குக் கீழேயே ‘இழுபட்டை 2, ஒட்டுத்துண்டு 3, ஆல்கஹால் துண்டு 4’ என்று போட்டுவிடுங்கள், செ. ஐயா.

ம.