கமாண்ட் லைன் நிரலுக்கு ஆள் இல்லாமல் பதில் கொடுத்த அனுபவங்கள்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து:

எங்கள் அலுவலகச் சம்பள நிரல் பைத்தானில் எழுதியது. பெயர், ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் கடவுச்சொல் கேட்கும். நிரலைத் திருத்தும்போதெல்லாம் சோதித்துப் பார்க்க ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் தட்டிக்கொண்டிருக்க முடியாது. பதில்களைக் கோப்பில் வரிவரியாக எழுதி, பைப் வழியாக, அதாவது கோப்பில் உள்ளதை நேராக நிரலுக்குள் செலுத்தும் வழியில், அனுப்பினோம். எல்லாம் ஒழுங்காகப் போய், கடவுச்சொல்லில் நின்றுவிட்டது.

பைத்தானில் கடவுச்சொல் கேட்கும் கெட்பாஸ், லினக்ஸில் பைப்பைப் பார்ப்பதில்லை, டெர்மினலையே (ஆள் தட்டும் கட்டளைத் திரையையே) நேராகத் திறந்து படிக்கிறது. டெர்மினலே இல்லாத சர்வரில் மட்டும்தான் ஸ்டாண்டர்ட் இன்புட்டுக்கு, அதாவது பைப் வந்து சேரும் வழக்கமான உள்ளீட்டுக்கு, வரும். அதனால் அதே சோதனை சர்வரில் பாஸ், மேசைக் கணினியில் தொங்கல்!

ஆள் தட்டுவதுபோல் நிரலுக்குப் பதில் சொல்லும் பைத்தான் நூலகமான பிஎக்ஸ்பெக்டுக்கு மாறினோம். 1990இல் டான் லிபெஸ் (Don Libes) வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற கருவியின் வழியில் வந்தது அது. போலி டெர்மினல் ஒன்றைத் திறந்து, கேள்வி திரையில் வந்த பிறகே பதிலை அனுப்பும். புதிதாக எழுதுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: போலி டெர்மினலும் நாம் தட்டியதைத் திருப்பிக் காட்டும். 'குமார்' என்று அனுப்பிவிட்டு 'குமார்' வருகிறதா என்று பார்த்தால், நிரல் எதுவுமே அச்சிடாவிட்டாலும் சோதனை பாஸ் ஆகிவிடும். இப்படித் திருப்பிக் காட்டும் எக்கோவை அணைத்துவிடுங்கள், அல்லது 'பதிவு முடிந்தது' மாதிரி நிரல் மட்டுமே சொல்லக்கூடிய வரியைத் தேடுங்கள்.

பினாங்கு, ஜார்ஜ் டவுனிலிருந்து:

அண்ணே, எக்கோ விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. என் கவலை அனுப்பும் பதிலைப் பற்றியது. சோதனையில் எல்லாரும் 'டெஸ்ட் யூசர்' என்றே போடுகிறார்கள். நம் ஆட்களின் ஐசியில் 'குமார் ஏ/எல் மணியம்' என்றல்லவா இருக்கிறது? (ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள்.) எங்கள் நிரல் அந்தப் பெயரிலேயே ரசீதைச் சேமிக்கப் போனது. லினக்ஸுக்குச் சாய்கோடு என்றால் கோப்புறை. 'குமார் ஏ' என்ற கோப்புறையைத் தேடி, இல்லையென்று விழுந்தது. ஏ/பி போட்ட பெண்களுக்கும் அதே கதிதான்.

அப்புறம் ஐசி எண். 12 இலக்கம், முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. 2001இல் பிறந்த பிள்ளைக்கு 01 என்று தொடங்கும். நிரல் அதை முழு எண்ணாக மாற்றினால் பூஜ்யம் பறந்து 11 இலக்கம் ஆகிவிடும். இடையில் கோடு போட்டுத் தட்டுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. இரண்டையும் அனுப்பிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் போலி டெர்மினல் வேண்டாம். பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்டின் மங்கிபேட்ச் வசதியால், பதில் கேட்கும் இன்புட் ஃபங்ஷனைச் சோதனை நேரத்துக்கு மட்டும் மாற்றி வைத்தாலே போதும், சட்டென்று ஓடிவிடும். கடவுச்சொல்லுக்கும், பாதியில் கண்ட்ரோல் சி அழுத்தி நிரலை நிறுத்துவதற்கும் மட்டும் பிஎக்ஸ்பெக்ட் வைத்திருக்கிறோம்.