இலைக் கிரீடம் கட்டி மாட்டிவிட்ட கதைகள்: உங்களுக்கு என்ன ஆச்சு?

மகளுக்கு மரம் வேஷம். கொத்தோடு ஒடித்த மாவிலை, கம்பி வளையம், நூல், அவ்வளவுதான். மேடையில் பாதி வசனத்தில் கிரீடத்துக்குள்ளிருந்து ஒரு முசுறு இறங்கிப் புருவத்தில் வந்து நின்றது. மரம் கையை ஆட்டக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தேனா, அவள் கையைத் தூக்கவே இல்லை. கண்ணை மட்டும் மேலே உருட்டிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தாள். கடித்ததா என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை.

—

எறும்பாவது தட்டிவிட்டால் போய்விடும். தம்பிக்கு க்ரேப் பேப்பரில் இலை வெட்டினோம். வியர்வை பட்டதும் சாயம் இறங்கி, நெற்றியிலிருந்து தாடை வரை பச்சைக் கோடு. அதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, "மேக்கப் யாருங்க போட்டது, பிரமாதம்!" என்றார். சட்டைக் காலர் இன்னும் பச்சைதான்.

—

மேலே சொன்னவருக்கு: பேப்பர் மேல் பழி போடாதீங்க. உள்பக்கம் துணிப் பட்டை வைத்திருந்தால் வியர்வையை அது குடித்திருக்கும்.

என் கதை சின்னது, ஒத்திகையில் நண்பன் நெற்றியில் கம்பி முனை கீறிவிட்டது. அதனால் சொல்கிறேன், முனையைக் குறடால் வெளிப்பக்கமாக மடக்கி, மேலே துணி சுற்றுங்க. இலை கட்டுவது நெற்றி நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் பின்னால் போகணும். ஒவ்வொரு இலையின் நுனியும் முந்தைய இலையின் காம்பை மறைக்கணும். பூ அலங்காரக்காரர்கள் சுற்றும் பச்சை டேப்பை இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும், சும்மா சுற்றினால் அவிழ்ந்துவிடும். பச்சை இலையில் க்ளூ கன் வேண்டாம். சூட்டில் அந்த இடம் கருகும், இலை வாடிச் சுருங்கும்போது பசை தனியாக வந்துவிடும். அவசரமில்லை என்றால் ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, காம்பை அதில் சில வாரம் நிறுத்தி வையுங்க. நிறம் பழுப்பு பக்கம் போகும், ஆனால் இலை நொறுங்காது. அரளி மட்டும் வேண்டவே வேண்டாம். செடி முழுக்க விஷம், குழந்தை தலையில் வைக்கிற சாமானா அது?

—

இத்தனை பாடம் யார் கேட்டாங்க? அதுவும் இரண்டு பக்கமும் பின்னால் போகணுமாம்! நான் அப்படித்தான் வனதேவன் வேஷத்துக்குக் கட்டினேன். காதோரம் காய்ந்த இலை சரசரவென்று அடித்ததில், எதிரில் நின்றவன் பேசியது ஒரு வார்த்தை விழவில்லை. அவன் வாய் அசைவது நின்றால் என் முறை என்று கணக்குப் பண்ணிப் பேசினேன். ஒரு இடத்தில் அவன் மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருக்கிறான். காதுக்கு மேல் வெறும் பட்டைதான் இருக்கணும், அழகு போனால் போகட்டும்.

—

சண்டை அப்புறம். பின்னால் எலாஸ்டிக் போடவா, கிளிப்பா? பையனுக்கு மொட்டைத் தலை, நாளைக் காலையில் வேணும்.