பெரியப்பா வீட்டு போர் தண்ணீர்: குடும்பக் குழு அரட்டை

பெரியப்பா: தேனு, போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டேன். நாளை மறுநாள் உன் லேபுக்கு எடுத்து வருகிறேன். ரேடான் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லம்மா.

தேன்மொழி: முழுக்க நிரப்பினீர்களா பெரியப்பா?

பெரியப்பா: முக்கால் பாட்டில். தூக்கச் சுலபமாக இருக்கட்டுமே என்று.

தேன்மொழி: அப்படியானால் அதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ரேடான் ஒரு கதிரியக்க வாயு. மேலே காலியிடம் இருந்தால் தண்ணீரை விட்டு அங்கே ஏறிவிடும், திறந்ததும் பறந்துவிடும். அளந்தால் குறைவாகத்தான் காட்டும், நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அதுதான் வம்பு.

கவின்: சோடாவைத் திறந்து வைத்த கதை.

மாலதி அத்தை: ரேடானா, என்னது அது? நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

தேன்மொழி: பாறையில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கும் அத்தை, கிரானைட்டில் கூடுதலாக. அது சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் வருகிறது. பாறை வெடிப்பில் நிற்கும் தண்ணீரில் கரைந்துவிடும். நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது.

மாலதி அத்தை: ஐயோ, குடித்தால் புற்றுநோயா?

தேன்மொழி: குடிப்பதைவிட மூச்சில் போவதுதான் பெரிது. குளிக்கும்போதும் துவைக்கும்போதும் தண்ணீரிலிருந்து கிளம்பி வீட்டுக் காற்றில் கலக்கும். 1999இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு போட்ட கணக்கில், தண்ணீர் ரேடானால் வரும் புற்றுநோய் ஆபத்தில் சுமார் 89% நுரையீரலுக்கு, மீதி வயிற்றுக்கு. ஆனால் பதற வேண்டாம். தண்ணீரில் லிட்டருக்கு 100 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தாலும் வீட்டுக் காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 10 பெக்கரெல்தான் கூடும். காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 100. தரை விரிசல் வழியாக மண்ணிலிருந்து ஏறுவதுதான் பெரும்பாலும் அதிகம்.

தேன்மொழி: புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

கவின்: சரி சரி.

பெரியப்பா: டிடிஎஸ் மீட்டர் 400 காட்டுகிறதே, அதில் தெரியாதா?

தேன்மொழி: அது கரைந்த உப்பைத்தான் காட்டும். ஆர்ஓவையும் இதற்கு நம்ப முடியாது. தண்ணீருக்குள் காற்றை ஊதி வாயுவை வெளியே தள்ளும் ஏரேஷன்தான் நல்ல வழி, அந்தக் காற்றும் வீட்டுக்குள் வராமல் கூரைக்கு மேலே போக வேண்டும். அதெல்லாம் அளந்த பிறகு பார்க்கலாம்.

பெரியப்பா: எப்படிப் பிடிப்பது, சொல்.

தேன்மொழி: டேங்க் தண்ணீர் வேண்டாம். மோட்டாரைப் போட்டுக் குழாயில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அப்புறம் ஒரு ட்யூபை மாட்டி, வாளிக்குள் கண்ணாடி பாட்டிலை வைத்து, அது மூழ்கும்வரை சலசலப்பில்லாமல் நிரப்புங்கள். தண்ணீருக்குள்ளேயே மூடியைப் போட்டு இறுக்குங்கள். கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஓடக்கூடாது. பிடித்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள்.

மாலதி அத்தை: நேரம் எதற்கு?

தேன்மொழி: 3.8 நாளில் ரேடான் பாதியாகிவிடும் அத்தை. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தெரிந்தால்தான், பிடித்தபோது எவ்வளவு இருந்தது என்று திருப்பிக் கணக்கிட முடியும். அதனால் பிடித்த அன்றே கொண்டுவந்துவிடுங்கள் பெரியப்பா.

பெரியப்பா: கவிழ்த்தேன். பட்டாணி அளவில் ஒன்று ஓடுகிறது.

தேன்மொழி: திரும்பப் பிடியுங்கள்.

பெரியப்பா: சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

கவின்: அப்பா, மூடிக்குள்ளும் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். முதலில் அதை முக்குங்கள்.

பெரியப்பா: குமிழி இல்லை. மணி 7.42. கிளம்பிவிட்டேன்.