உதவி தேவை: வருகிற வெள்ளி ஆய்வேடு ஒப்படைக்க வேண்டும், வேகமாக எழுத என்ன வழி?

மருதாணி (சனி, இரவு 11.52)
எல்லோருக்கும் வணக்கம். அவசரம். வருகிற வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குள் தீசிஸ் கொடுக்க வேண்டும். பாதிதான் முடிந்திருக்கிறது. இரவிரவாக முழித்திருந்தும் ஒரு பக்கம் நகர மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு மாற்றினால் எல்லாம் குழம்பிப் போகிறது. வேகமாக எழுதி முடிக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வடலி (ஞாயிறு, அதிகாலை 12.10)
எந்தப் பீடம்? எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? பாதி என்றால் எந்தப் பாதி? தரவு சேர்த்தாகி விட்டதா? எதை எதுவாக மாற்றும்போது குழம்புகிறது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

காலைவெயில் (ஞாயிறு, காலை 5.20)
தம்பி, முதலில் இரவு முழிப்பதை விடுங்கள். ஒன்பது மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்புங்கள். கொம்பியூட்டரைத் திறக்காமல் கொப்பியில் பேனையால் எழுதுங்கள். திரையில் எழுதினால் ஒரு வசனத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டே இருப்போம். தாளில் அப்படி அழிக்க மனம் வராது, கை முன்னுக்குத்தான் போகும். நான் என்னுடையதை அப்படித்தான் முடித்தேன்.

ஓட்டோக்காரன் மகன் (ஞாயிறு, காலை 7.45)
கையால் எழுதி அதைத் திரும்பத் தட்டச்சு செய்ய நேரம் எங்கே? கூகுள் டொக்ஸில் குரல் தட்டச்சு இருக்கிறது, குரோமில் திறந்து மொழியில் இலங்கைத் தமிழைத் தெரிவு செய்யுங்கள். நீங்கள் கதைக்கக் கதைக்க அது எழுதும். நிறுத்தக்குறி போடாது, ஊர்ப் பெயர்களில் பிழை விடும், அவற்றைப் பிறகு திருத்தலாம். ஆனால் முதல் வரைவு ஓடிவிடும்.

எழுத்தாணி (ஞாயிறு, காலை 9.05)
ஒவ்வொரு வருடமும் இதே காலத்தில் இதே கேள்வி. ஆறு மாதம் கையில் இருந்தது. கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியாதவருக்கு வேகமாக எழுத வழி சொல்லி என்ன பயன்? வடலி கேட்டதற்குப் பதில் வரட்டும், பிறகு பார்ப்போம்.

மருதாணி (ஞாயிறு, காலை 10.31)
மன்னிக்கவும், சேர்ச்சுக்குப் போயிருந்தேன். நான் தம்பி இல்லை அண்ணா, பரவாயில்லை. கலைப்பீடம், புவியியல், தமிழில். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் வெங்காயச் செய்கையும் கிணற்று நீரும்தான் தலைப்பு. 80 வினாக்கொத்து நிரப்பி வாங்கியாயிற்று. முதல் மூன்று அத்தியாயமும் இருக்கிறது. நாலும் ஐந்தும் எழுத வேண்டும். பிரச்சினை பாமினி.

வடலி (ஞாயிறு, காலை 10.40)
தங்கச்சி, பாமினியில் என்ன பிரச்சினை? அதையும் முழுக்கச் சொல்லுங்கோ. வினாக்கொத்துகளைப் புள்ளிவிவர மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்சில் ஏற்றியாயிற்றா, இல்லை கட்டாகவே இருக்கிறதா?

மருதாணி (ஞாயிறு, காலை 11.15)
ஏற்றிவிட்டேன், அட்டவணை எடுக்கவில்லை. முதல் மூன்று அத்தியாயத்தையும் கடையில் கொடுத்து அடிப்பித்தேன், அவர்கள் பாமினியில் அடித்திருக்கிறார்கள். இப்போது மென்பிரதியும் யூனிகோடில் வேண்டும் என்று அறிவித்தல் வந்திருக்கிறது. பாமினியை யூனிகோடாக்கும் பொங்குதமிழ் மாற்றியில் போட்டுப் பார்த்தேன். தமிழ் சரியாக வருகிறது. ஆனால் ஆங்கில மேற்கோள் இருந்த இடமெல்லாம் வாசிக்க முடியாத தமிழ். காற்புள்ளி இருந்த இடத்தில் ‘இ’ நிற்கிறது. பெயர்களுக்கு நடுவே ‘யனெ’ ‘யனெ’ என்று வருகிறது. மேற்கோள் நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு நாலாம் அத்தியாயம் எழுத முடியவில்லை.

நிலாவரை (ஞாயிறு, பகல் 12.20)
இப்போது விளங்குகிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்த எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கிலம்தான், யூனிகோடுபோலத் தமிழுக்கென்று தனிக் குறியீடு இல்லை. மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது தமிழாகத் தெரிய வேண்டிய ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் மாற்றிவிடும். பாமினியில் ‘இ’ இருக்கும் விசை ஆங்கிலக் காற்புள்ளியின் விசை. அதனால்தான் உங்கள் மேற்கோள்களில் காற்புள்ளி ‘இ’ ஆகிறது. ‘யனெ’ என்று வருவது ஆங்கிலத்தில் ‘அண்ட்’ என்று இருந்த சொல். சதுர அடைப்புக்குறி வைத்திருந்தால் அது ‘ஜ’வாக வந்திருக்கும், பாருங்கள்.

மாற்றிய பிரதியைத் திருத்த வேண்டாம். கடையில் தந்த மூலக் கோப்புக்குத் திரும்புங்கள், முதலில் அதை நகலெடுத்து வையுங்கள். வேர்டில் தேடல் பெட்டியில் எழுத்துரு என்ற இடத்தில் ஆங்கிலத்துக்குப் போட்ட எழுத்துருவை, பெரும்பாலும் டைம்ஸ் நியூ ரோமன், கொடுத்துத் தேடினால் ஆங்கிலத் துண்டுகள் மட்டும் வரும். ஒவ்வொன்றையும் வெட்டி எக்செல்லில் ஒரு வரிசையில் ஒட்டுங்கள், இருந்த இடத்தில் 9001, 9002 என்று எண் போடுங்கள். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் மாற்றி அவற்றைத் தொடாது. மாற்றி முடிந்ததும் 9001 இருக்கும் இடத்தில் முதல் மேற்கோளைத் திரும்ப வையுங்கள். ஒரே மேற்கோள் பல தடவை வந்தால் அதே எண்ணைப் போடுங்கள், ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரே அழுத்தில் போய்விடும்.

இதை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதுதான் முக்கியம். வீட்டில் தம்பியோ தங்கையோ சிநேகிதியோ இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். நீங்கள் நாலாம் அத்தியாயத்தில் இருங்கள்.

எழுத்தாணி (ஞாயிறு, பகல் 1.02)
2025 தாண்டியும் பாமினியில் அடித்துக் கொடுக்கும் கடைகளை என்ன சொல்வது! யூனிகோடு என்றால் என்ன என்று தெரியாமல் நான்கு வருடம் படித்திருக்கிறீர்கள். கடைக்காரரும் படித்திருக்கவில்லை. இந்தப் பழக்கம் ஒழிந்தால்தான் தமிழ் உருப்படும்.

தட்டச்சுக்கடை (ஞாயிறு, பகல் 2.18)
நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அப்படி ஒரு கடையில் பல வருடமாக அடிக்கிறேன். படிக்காததால் பாமினி அடிக்கவில்லை. எங்களிடம் வரும் பழைய கோப்பு, பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எல்லாம் பாமினிதான். அச்சகமும் அதையே கேட்கிறது. வாடிக்கையாளர் யூனிகோடு கேட்டால் யூனிகோடில் அடிப்போம். யாரும் கேட்பதில்லை.

வடலி (ஞாயிறு, பகல் 2.40)
எழுத்தாணி அண்ணா, விசைப்பலகையையும் எழுத்துருவையும் போட்டுக் குழப்புகிறீர்கள். பாமினி விசை பழகிய கைக்கு யூனிகோடு அடிக்க வேறு விசை பழகத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது. அதே விரல், அதே விசை, உள்ளே யூனிகோடு விழும். அந்த அக்காவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

எழுத்தாணி (ஞாயிறு, பகல் 3.11)
விசை ஒன்றுதான் என்றால் ஏன் இத்தனை வருடம் மாறவில்லை? சோம்பல்தான். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

தட்டச்சுக்கடை (ஞாயிறு, பகல் 3.50)
காரணம் சொல்கிறேன். பக்கக் கணக்குக்குக் காசு. யூனிகோடில் அடித்து அச்சகத்துக்குக் கொடுத்தால் அவர்களுடைய பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் கொம்பும் காலும் பிரிந்து வருகிறது. திரும்ப அடிக்கச் சொல்கிறார்கள், அதற்குக் காசு இல்லை. சோம்பல் என்று வாயால் சொல்லுவது லேசு. வடலி, அந்த ரைட்டரை நாளைக்கே இறக்கிப் பார்க்கிறேன். நன்றி தம்பி.

ஓட்டோக்காரன் மகன் (ஞாயிறு, பின்னேரம் 5.05)
இழை எங்கேயோ போகிறது. மருதாணி, ஏஐயிடம் அட்டவணையைக் கொடுத்து நாலாம் அத்தியாயத்தை எழுதச் சொல்லலாமே? அரை மணித்தியாலத்தில் முடியும்.

வடலி (ஞாயிறு, பின்னேரம் 5.20)
வேண்டாம். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு அழகாகத் தந்துவிடும். நேர்முகத்தில் ‘உரும்பிராயில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள், ஏன் அவர்களைத் தெரிவு செய்தீர்கள்?’ என்று கேட்டால் ஏஐ வந்து பதில் சொல்லாது. எழுத்துப்பிழை பார்க்க, நீண்ட வசனத்தை உடைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதுவும் துறை அனுமதித்தால்தான்.

நிலாவரை (ஞாயிறு, இரவு 8.15)
மருதாணி, நாலாம் அத்தியாயம் பற்றி. எழுத வராமல் இருப்பதற்குக் காரணம் உங்களிடம் இன்னும் அட்டவணை இல்லாதது. கையில் அட்டவணை இல்லாமல் வசனம் தேடினால் பக்கம் நகராது. நாளை முழுதும் எழுதவே வேண்டாம். அட்டவணைகளை மட்டும் எடுங்கள். ஆய்வு நோக்கங்கள் நாலு என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அட்டவணை போதும். நோக்கத்தோடு ஒட்டாத அட்டவணை எத்தனை அழகாக இருந்தாலும் பின்னிணைப்பில் போடுங்கள்.

பிறகு ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இதில் எது கூடியிருக்கிறது, ஏன் என்று விவசாயிகள் சொன்னார்கள், முன்பு செய்தவர்கள் கண்டதோடு ஒத்துப்போகிறதா. வினாக்கொத்தின் கடைசியில் அவர்கள் சொன்னதை எழுதி வைத்திருப்பீர்களே, அதுதான் இப்போது பொன். நீர்வேலியில் ஒரு விவசாயி இறைப்பு எப்படிக் குறைத்தார் என்று சொன்ன ஒரு வரி, பொதுவாக எழுதும் ஒரு பக்கத்துக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை. 80 பேரை வயது ஐந்து பிரிவு, கல்வி ஐந்து பிரிவு என்று குறுக்கு அட்டவணை போட்டால் 25 கட்டம் வரும், ஒரு கட்டத்துக்குச் சராசரி மூன்று பேர்தான். இரண்டு விடயத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கை வர்க்கச் சோதனையில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்த கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எஸ்பிஎஸ்எஸ் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் அதைச் சொல்லும், பலர் வாசிப்பதில்லை. பிரிவுகளைச் சேர்த்து இரண்டு மூன்றாகக் குறையுங்கள்.

இன்னொன்று, கிணற்று நீர் பரிசோதனை அறிக்கை எதையும் பயன்படுத்தினீர்களா?

மருதாணி (திங்கள், இரவு 9.44)
அட்டவணை 11 எடுத்துவிட்டேன் சேர். வயதை மூன்று பிரிவாக்கினேன். கண்ணாடியில் தெரிவதுபோலப் பிரிந்து தெரிகிறது. எண் வழி சரிவருகிறது, தங்கச்சி செய்துகொண்டிருக்கிறாள். பரிசோதனை அறிக்கை இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் நைத்திரேற்று 48, மற்றதில் 12. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நிலாவரை (திங்கள், இரவு 10.20)
அலகைப் பாருங்கள். ஒன்று நைத்திரேற்றாகக் கணக்கிட்டிருக்கும், மற்றது அதிலுள்ள நைதரசனை மட்டும் எடுத்து நைத்திரேற்று நைதரசனாக. நைத்திரேற்று நைதரசனை 4.43ஆல் பெருக்கினால் நைத்திரேற்று வரும். 12 நைதரசனாக இருந்தால் அது 53. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அப்படியானால் சுத்தம் என்று நீங்கள் எழுதப்போன கிணறுதான் எல்லையைத் தாண்டிய கிணறு. இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், அறிக்கையின் தலைப்பில் அலகு எழுதியிருக்கும்.

ஏன் கூடுகிறது என்பதற்கு நம்முடைய மண்ணே காரணம் சொல்லும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, குடிப்பதும் இறைப்பதும் அதே சுண்ணக்கல் நிலத்தடி நீர். வெடிப்பும் குழியும் உள்ள பாறை என்பதால் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழி நீரும் வேகமாகக் கீழே இறங்கிவிடும். எந்த மாதத்தில் நீர் எடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். வடகீழ்ப் பருவ மழைக்கு முன்னும் பின்னும் எடுத்ததை ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது.

வடலி (செவ்வாய், காலை 6.30)
இரண்டாம் அத்தியாயத்துக்கு உள்ளூர் எழுத்து குறைவாக இருந்தால் நூலகம் வலைத்தளத்தில் தேடுங்கோ, 2005இல் இருந்து ஈழத்துச் சஞ்சிகைகளையும் நூல்களையும் எண்ணிமமாக்கி வைத்திருக்கிறார்கள். செய்கைப் பரப்பு எண்களுக்குக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் தருவார்கள், கையோடு கடிதம் கொண்டு போங்கோ. முகவுரையும் சுருக்கமும் கடைசி நாளில் எழுதுங்கோ. நாலு முடியாமல் சுருக்கம் எழுதினால் திரும்ப எழுத வேண்டி வரும்.

எழுத்தாணி (செவ்வாய், காலை 8.12)
நான் சொல்ல வந்ததும் இதுதான். பொருளடக்கத்தைக் கையால் அடிக்க வேண்டாம், வேர்டில் தலைப்புப் பாணி கொடுத்தால் அதுவே எடுக்கும். பைண்டிங் கடைக்கு வியாழன் காலையே போங்கள். வெள்ளி அன்று உங்கள் வகுப்பு முழுதும் அங்கேதான் நிற்கும்.

தட்டச்சுக்கடை (செவ்வாய், காலை 9.00)
அது உண்மை. வரும்போது பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு வாங்கோ, எங்கள் கொம்பியூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வரி எல்லாம் இடம் மாறும். கரண்ட் போனால் பிரிண்டர் நிற்கும், அதையும் நினைத்து வாங்கோ.

மருதாணி (வெள்ளி, இரவு 7.36)
கொடுத்தாயிற்று. இரண்டரை மணிக்கு. 12 என்றது நைதரசன்தான். எல்லோருக்கும் நன்றி, நித்திரை கொள்ளப் போகிறேன்.

பனங்கிழங்கு (ஞாயிறு, காலை 10.10)
இந்த இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பாமினிதான், ஆனால் வேர்ட் அட்டவணைக்குள் இருக்கிறது. மாற்றியில் ஒட்டினால் நிரல்கள் கலைந்து போகின்றன.

வடலி (ஞாயிறு, காலை 10.55)
அட்டவணையை முழுதாக எக்செல்லில் ஒட்டுங்கள். ஒரு நிரலை மட்டும் பிரதி எடுத்து மாற்றியில் போட்டு, வந்ததை அதே நிரலில் திரும்ப ஒட்டுங்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரி இருந்தால் முதலில் ஒரு வரியாக்குங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ள கட்டங்கள் ஒன்று தள்ளிப்போகும். எந்தப் பீடம் நீங்கள், எப்போது கொடுக்க வேண்டும்?